சில்லுகளின் சரித்திரம் – 9: மண்ணெண்ணெய் குடித்த ஒஸ்ரின்

சென்ற இதழில் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த உறவுக்காரத் தம்பி ஒருவர் சுவீடனிலிருந்து தொலைபேசி எடுத்தார். கரவெட்டியிற் பிறந்து, இளவயதிலேயே ஊரை விட்டுப் போனவர். "அண்ணை, எல்லா வாகனமும் எழுதிறியள். நாங்கள் இஞ்சை ஓடுற வொல்வோவைப் பற்றி ஒண்டும் எழுத மாட்டியளோ?" என்று உரிமையோடு கேட்டார். நியாயமான கேள்வி. வொல்வோவின் சரித்திரத்தைத் தேடி வாசித்தபோது, அதில் ஓர் ஐந்து ஆண்டுக் காலம் எங்கள் ஊரின் ஐந்து ஆண்டுக் காலத்தோடு வந்து பொருந்துவதைக் கண்டேன். ஆகவே இந்த அத்தியாயம் கொத்தன்பேர்க்கில் தொடங்கி நெல்லியடிச் சந்திக்கு வருகிறது.

வொல்வோவின் முதலாவது கார் 1927 ஏப்ரில் 14ஆம் திகதி கொத்தன்பேர்க் நகரின் ஹிசிங்கன் தீவில் இருந்த தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. அசார் கபிரியெல்சன் வணிகம் தெரிந்தவர், குஸ்தாவ் லார்சன் பொறியியலாளர். இருவரையும் இணைத்தது எஸ்.கே.எவ். என்ற போல் பெயரிங் கம்பனி. ஆரம்ப முதலீடும் அதனுடையதே. சுவீடனின் குளிருக்கும் கரடுமுரடான தெருக்களுக்கும் தாக்குப்பிடிக்கிற காரை உள்ளூரிலேயே செய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணம்.

1940 ஏப்ரில் 9ஆம் திகதி ஜேர்மனியப் படைகள் டென்மார்க்கிலும் நோர்வேயிலும் இறங்கின. சுவீடன் போரிற் சேரவில்லை. ஆனாலும் மேற்குக் கடல்வழி அடைபட்டுவிட்டது. கப்பலில் வந்துகொண்டிருந்த பெற்றோல் நின்றது. சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் அதைக் கொட்டிலில் விடவேண்டிய நிலை. அப்போது சுவீடன்காரர் காட்டுக்குத் திரும்பினார்கள். விறகையும் கரியையும் காற்றுக் குறைவாக எரித்தால் கார்பன் மொனொக்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு பிறக்கும். அந்த வாயுவைக் குளிர்த்தி, வடித்து, இயந்திரத்துக்குள் விட்டால் கார் ஓடும். காரின் பின்னாலோ பக்கத்திலோ ஒரு பெரிய இரும்பு உலை. அதை மூட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்துதான் புறப்படலாம். வலு குறைவு, மேட்டில் ஏறக் கார் திணறும். கொட்டிலுக்குள் உலையை மூட்டி நச்சுவாயுவில் மயங்கிச் செத்தவர்களும் உண்டு. இருந்தும் போரின் நடுவில் 70,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் சுவீடனில் அப்படி ஓடின. வொல்வோ கம்பனியே அந்த உலைகளைச் செய்து விற்றது. அரசு ஊக்கம் கொடுத்தது. போர் முடிந்த பிறகு, 1950இல், அந்த நாட்டின் பொறியியல் விஞ்ஞானக் கழகம் அந்த அனுபவம் முழுவதையும் ஒரு தடித்த புத்தகமாக வெளியிட்டது. எந்த மரம் நல்லது, எந்த அளவில் வெட்டுவது, எந்த இடத்தில் தார் அடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1979இல் அமெரிக்கர்கள் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள்.

சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1990 யூனில், எங்கள் முறை வந்தது. எங்களிடம் இருந்தது ஒஸ்ரின். அது எப்படி எங்கள் ஒழுங்கைகளுக்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வொல்வோவின் பி.வி. 444 என்ற சின்னக் காரும் ஒஸ்ரின் ஏ40 டெவனும் 1947ஆம் ஆண்டிலேயே உற்பத்திக்கு வந்தன. இரண்டுக்கும் வலு நாற்பது குதிரை. ஆனால் இலங்கைத் தெருக்களை நிரப்பியது ஒஸ்ரினும் அதன் போட்டியாளரான மொறிசுந்தான். காரணம் வெளிப்படையானது. போரினாற் கடன்பட்டுப்போன பிரித்தானியா, ஏற்றுமதி செய்கிற கம்பனிக்கே உருக்கு என்று கட்டுப்பாடு வைத்திருந்தது. லோங்பிறிட்ஜில் இருந்த ஒஸ்ரின் தொழிற்சாலை வெளிநாட்டுச் சந்தைக்காகவே இராப்பகலாக வேலை செய்தது. இலங்கை ஸ்ரேலிங் வலயத்துக்குள் இருந்தது. பிரித்தானியப் பொருளுக்குத் தீர்வைச் சலுகையும் இருந்தது. 1950–51இல் கொரியப் போரினால் இறப்பர் விலை ஏறி நாட்டில் காசு புழங்கியது. டெவனைத் தொடர்ந்து 1952இல் வந்த உருண்டை உடம்புச் சோமசெற், 1954இல் வந்த கேம்பிறிட்ஜ், இத்தாலியப் பின்னின்பரீனா வரைந்த கூர்விளிம்பு ஏ55 எல்லாம் வரிசையாக வந்திறங்கின.

வடமராட்சியில் கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர்கள், வைத்தியர்கள், அப்புக்காத்துமார், தென்னிலங்கையிற் கடை வைத்திருந்தவர்கள், மலாயாவில் வேலைபார்த்துப் பென்சனோடு திரும்பியவர்கள். சீதனப் பேச்சில் காணிக்கும் நகைக்கும் பக்கத்தில் காரும் வந்து உட்கார்ந்தது. பிறகு அதே கார்கள் கைமாறி ஹயர் கார்களாயின. கரவெட்டியின் கடைத்தெரு நெல்லியடி என்பதால் அந்தச் சந்தியில்தான் ஹயர் கார்கள் நிற்கும். துன்னாலையிலிருந்தும் கரணவாயிலிருந்தும் வதிரியிலிருந்தும் ஆட்கள் அங்கேதான் வருவார்கள். பெண் பார்க்க, பிள்ளைப்பேற்றுக்கு, செத்தவீட்டுக்கு, வல்லிபுரக் கோயிலுக்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒஸ்ரின்தான். சோமசெற்றின் முன்னிருக்கை ஒரே நீளமான இருக்கை. கியர்த்தண்டு ஸ்ரேறிங்கின் கீழே இருந்ததால் முன்னால் மூன்று பேர் தாராளமாக இருக்கலாம். பின்னால் எத்தனை பேர் என்பது சாரதியின் மனத்தைப் பொறுத்தது.

இந்தக் கார்களின் நம்பர்த் தகட்டிலேயே நாட்டின் அரசியல் எழுதியிருக்கிறது. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரின் எழுத்துகளை இரண்டிரண்டாக எடுத்து ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று முன்பு பதிவு செய்தார்கள். 1957 தொடக்கம் புதிய வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958இல் வடக்குக்கு அனுப்பப்பட்ட அரச பஸ்களில் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். அதற்கு முன்பே பதிந்த டெவனும் சோமசெற்றும் எந்த ஸ்ரீயும் இல்லாமற் கடைசிவரை ஓடின. ஏ55 வைத்திருந்தவர் அந்த எழுத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. ஒரு கார் 1957க்கு முந்தியதா பிந்தியதா என்று எங்கள் ஊர்ச் சிறுவர்கள்கூடத் தகட்டைப் பார்த்துச் சொல்வார்கள்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. சொந்தக் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1970 தொடக்கம் 1977 வரை கெடுபிடி இன்னும் இறுகியது. வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டவர்கள் கையில் அந்த ஆண்டுகளில் பணம் இருந்தது, வாங்கப் புதுக்கார் இல்லை. ஆகவே இருந்ததைக் காப்பாற்றுவது ஒரு தொழிலாயிற்று. கரவெட்டியிலும் நெல்லியடியிலும் வேப்பமர நிழலிலும் கிடுகுக் கொட்டிலிலும் வளர்ந்த கராச்சுகள் இந்தக் காலத்தின் பிள்ளைகள். தேய்ந்த புஷ்ஷைக் கடைச்சலில் புதிதாகச் செய்தார்கள். றேடியேற்றருக்கு ஈயம் வைத்தார்கள். ஒரு காரின் கதவை இன்னொரு காருக்குப் பொருத்தினார்கள். ஏ55இன் 1489 சீ.சீ. இயந்திரமும் மொறிஸ் ஒக்ஸ்போட்டின் இயந்திரமும் ஒரே குடும்பம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிற் செய்த அம்பாசிடருக்கும் அதே இயந்திரந்தான். எது எதற்குப் பொருந்தும் என்ற கணக்கு மெக்கானிக்கின் தலைக்குள் இருந்தது.

1977க்குப் பிறகு யப்பான் கார்கள் வந்தன. நிசான் கம்பனி 1950களில் ஒஸ்ரினிடம் உரிமம் வாங்கிச் சோமசெற்றையும் கேம்பிறிட்ஜையும் யப்பானிற் பொருத்தித்தான் கார்த் தொழில் படித்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாணாக்கன் வந்ததும் ஆசான் கொட்டிலுக்குப் போனார். எண்பதுகளில் பல ஒஸ்ரின்கள் சில்லுக் கழற்றிக் கல்லில் ஏற்றப்பட்டு, சாக்குப் போர்த்தி, மேலே கோழி படுக்க விடப்பட்டிருந்தன.

1990 யூனில் மீண்டும் போர் வெடித்தது. மின்சாரம் நின்றது. அரசு வடக்கின் மீது பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, சீமெந்து இல்லை, உரம் இல்லை. ஆனையிறவு அடைபட்டது, வெளியே போவதென்றால் கொம்படி, ஊரியான், பிறகு கிளாலி என்று உயிரைப் பணயம் வைக்கும் நீர்வழிகள். கள்ளமாக வந்த பெற்றோல் போத்தற் கணக்கில், மருந்து விலைக்கு விற்றது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக, பங்கீட்டு அளவில் வந்தது. அதுதான் விளக்குக்கு, அதுவும் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துத் துளித்துளியாய் எரிகிற விளக்கு. அதுதான் தோட்டத்து இறைப்பு மிசினுக்கு. கடைசியில் அதுவே காருக்கும் என்றாயிற்று.

மண்ணெண்ணெயிற் காரை ஓட்டும் வித்தையை யார் முதலிற் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் ஊரில் விவாதிப்பார்கள். என் எண்ணத்தில், அதைக் கண்டுபிடிக்கத் தேவையே இருக்கவில்லை. வெங்காயத் தோட்டத்து இறைப்பு மிசின் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிற மிசின். பழைய போட்சன் உழவு இயந்திரத்திலும் அதே முறைதான். தோட்டக்காரர் கையில் ஏற்கெனவே இருந்த அறிவு, கராச்சுக்கு நடந்து வந்தது.

ஆனால் எல்லாக் காரும் மண்ணெண்ணெயை ஏற்காது. பெற்றோலைவிட மண்ணெண்ணெய் கடினமாகவே ஆவியாகும். குளிர்ந்த இயந்திரத்தில் அது திரவமாகவே நிற்கும், பொறி பட்டாலும் பற்றாது. சூடான இயந்திரத்தில் அழுத்தம் கூடினால் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்ரனை உதைக்கும். அழுத்தம் கூடிய புதிய யப்பான் இயந்திரங்கள் அந்த உதையிற் சீக்கிரம் சீரழிந்தன. ஏ40இன் அழுத்த விகிதம் ஏழுக்குச் சற்றே மேல். போர்முடிந்த காலத்தின் மட்டமான பெற்றோலுக்கென்று வரைந்த இயந்திரம் அது. அந்தக் குறைந்த அழுத்தமே நாற்பது ஆண்டு கழித்து அதைக் காப்பாற்றியது. இன்னொன்று, கைத்தண்டு. பற்றறி செத்தாலும் முன்னால் தண்டைப் போட்டுச் சுழற்றலாம், அல்லது தள்ளலாம். கல்லில் ஏற்றியிருந்த ஒஸ்ரின்கள் கோழிகளைக் கலைத்துவிட்டு இறங்கி வந்தன. முப்பது வயது குறைந்த யப்பான் கார்கள் அவற்றின் இடத்துக்குப் போயின.

செய்முறையைக் கிட்ட நின்று பார்த்தவன் என்பதால் எழுதி வைக்கிறேன். பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தல் தொங்கும். அதில் கொஞ்சம் பெற்றோல். அதிலிருந்து மெல்லிய குழாய் காபிறேற்றருக்கு வரும். சேலைனின் அதே உருளைப் பூட்டுத்தான் திறப்பு. போத்தல் வைக்க வசதியில்லாதவர் காற்று வடியைக் கழற்றிவிட்டு, சின்னப் பிளாஸ்ரிக் போத்தலால் காபிறேற்றரின் தொண்டைக்குள் சில துளி பீச்சுவார். ஒருவர் தண்டைச் சுழற்றுவார். மற்றவர் உள்ளங்கையால் காபிறேற்றரின் வாயைப் பொத்தித் திறப்பார்; அதுதான் சோக். இயந்திரம் உறுமியதும் உடனே விடக்கூடாது. றேடியேற்றர் சுடுகிற வரைக்கும் அந்தத் துளிப் பெற்றோலை நீட்டி, பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறக்க வேண்டும். அந்த மாறுகிற கணத்தில் இயந்திரம் ஒருமுறை விக்கும். அந்த விக்கலில் அணைந்துவிட்டால், போன பெற்றோல் போனதுதான். தொழில் தெரிந்த சாரதி அக்கிலேற்றரைக் காலின் பெருவிரலால் மட்டும் தொட்டு அதைத் தாண்டுவார். டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பொறியைப் பிந்தி விழ வைப்பார்கள். இல்லாவிட்டால் மேட்டில் இயந்திரம் தட்டும். வழியில் எங்கும் நிறுத்துவதில்லை. நிறுத்தினாலும் இயந்திரத்தை அணைப்பதில்லை.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலிருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். சம்ப்பில் ஒயில் தண்ணீராகும். ஒயில் மட்டம் குறைகிறதா என்று பார்க்கிற குச்சியில் அந்த நாட்களில் ஒயில் கூடியிருக்கும், கூடியது மண்ணெண்ணெய். பிளக்குகளிற் கரி பிடிக்கும். கழற்றித் தேய்த்து, மார்கழிக் குளிரில் அடுப்பிற் காய்ச்சிப் பூட்டுவார்கள். வெள்ளைப் புகையும் நெடியும் காருக்குள்ளும் வரும். வல்லை வெளியைத் தாண்டும்போது பின்காற்று அந்தப் புகையை அப்படியே முன்னுக்குக் கொண்டுவந்து தரும். கண்ணெரிச்சலோடு பாலத்தைக் கடந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இரவில் யாருக்காவது வருத்தம் கடுமையானால் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். படலையில் நின்று கூப்பிட்டால், ஹயர் கார்க்காரர் சறத்தை மடித்துக் கட்டியபடி வருவார். வயிற்றுவலியோடு துடிக்கிற பிள்ளைத்தாய்ச்சி பின்னிருக்கையில் இருக்க, ஒழுங்கையில் நாங்கள் பொடியள் காரைத் தள்ளுவோம். "தம்பியவை, இன்னும் ஒருக்கா, மதகு மட்டும் தள்ளுங்கோ" என்பார். வெளிச்சம் போட முடியாது, மேலே ஹெலி வரும். தெரு அவருக்கு மனப்பாடம். வாடகை பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொன்னவர்களே அதிகம். அந்தச் சாரதிமாரின் சேவையை எங்கள் ஊர் இன்னும் ஒழுங்காக எண்ணிப் பார்க்கவில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

சுவீடனின் கதையையும் எங்கள் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனத்தை உறுத்துவது இதுதான். அங்கே கடல் அடைபட்டபோது அரசும் தொழிற்சாலையும் கார்ச் சொந்தக்காரனுக்குப் பின்னால் நின்றன. இங்கே பெற்றோலைத் தடுத்ததே அரசு. தொழிற்சாலையோ, ஒஸ்ரின் என்ற பெயரையே கைவிட்டிருந்தது. 1952இல் மொறிசோடு கலந்து, 1968இல் லேலண்டுக்குள் கரைந்து, எண்பதுகளின் முடிவோடு அந்தப் பெயர் புதுக் கார்களிலிருந்து போய்விட்டது. ஆகவே இங்கே காருக்குப் பின்னால் நின்றவர் மெக்கானிக் ஒருவர்தான். விறகு வாயு உலையை நாங்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் உலகப்போரில் தமிழ்நாட்டிலும் கரிவாயு பஸ்கள் ஓடின. ஆனால் அந்த உலைக்குத் தகடு வேண்டும், ஒட்டு வேலைக்கு மின்சாரம் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு ஒரு சேலைன் குழாய் போதும். ஐந்து ஆண்டு இந்த முறையில் எத்தனையோ இயந்திரங்களை உயிரோடு வைத்திருந்த அந்தக் கைகளின் அறிவை, 1950இல் சுவீடன் செய்ததுபோல் யாராவது எழுதி வைத்த நூலை நான் காணவில்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் மக்கள் வெள்ளமாய் வந்தார்கள். நடக்க இயலாத கிழடுகளையும் நோயாளரையும் கொண்டுவந்த வாகனங்களில் புகை கக்கிய இந்தப் பழைய கார்களும் இருந்தன. 1996 சித்திரை வைகாசியில் இராணுவம் வடமராட்சிக்குள் வந்த பிறகு எரிபொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கியது. விலை மட்டும் இறங்கவில்லை. 2002 ஏப்ரில் 8ஆம் திகதி ஏ9 வீதி திறந்தது.

பாதை திறந்ததும் ஒஸ்ரின்களுக்கு எதிர்பாராத ஒரு ஆபத்து வந்தது. தென்னிலங்கையிலிருந்து பழைய கார் சேர்ப்பவர்கள் வந்தார்கள். நாற்பது ஆண்டு குடும்பத்தில் இருந்த சோமசெற், ஒரு பின்னேரப் பேச்சில் லொறியேறிப் போயிற்று. முச்சக்கரவண்டி வந்து ஹயர் காரின் பிழைப்பையும் எடுத்துக்கொண்டது. மிஞ்சியவற்றிற் சிலவற்றுக்கு யப்பான் டீசல் இயந்திரம் பூட்டினார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளையை வெளிநாடு அனுப்பவும் வீட்டுக்கு ஓடு போடவும் அந்தக் காசு உதவியது. ஆனாலும் அவற்றின் கதையைக் கேட்டு எழுதாமலே அனுப்பிவிட்டோம்.

வொல்வோக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். இர்வ் கோடன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1966இல் சிவப்பு நிற பி1800 ஒன்றை வாங்கினார். 2013இல் அந்த ஒரே கார் 30 இலட்சம் மைலைத் தாண்டியது. கம்பனி அதைக் கொண்டாடியது. 2018இல் அவர் காலமானபோது உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் காரின் காபிறேற்றர்களும் எங்கள் மொறிஸ் மைனரின் காபிறேற்றரும் எஸ்.யூ. என்ற ஒரே ஆங்கிலக் கம்பனியின் செய்கை. சுவீடனின் மற்றக் கார்க் கம்பனியான சாப் 2011 டிசம்பரில் வங்குரோத்தான பிறகும் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் உதிரிப்பாகப் பட்டியல் முதற்கொண்டு எல்லாவற்றையும் பேணுகிறார்கள். நெல்லியடியில் ஓடிய ஒரு ஹயர் கார் எத்தனை மைல் ஓடியிருக்கும் என்று சொல்ல வழியில்லை. மைல் மீற்றர் கேபிள் அறுந்து, அதை மாற்றக் காசு செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் பதிவுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு காரின் முதற் சொந்தக்காரர் தொடக்கம் கடைசி ஆள் வரை, கைமாறிய திகதியோடு அதில் எழுதியிருக்கும். காரை விற்றவர்கள்கூடச் சிலர் அதன் பிரதியை அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். கரவெட்டி, கரணவாய், துன்னாலை, வதிரிப் பக்கத்து வாசகர்கள் அப்படி எதையாவது வைத்திருந்தால், அல்லது 1990 தொடக்கம் 1995 வரை காரோட்டிய, கராச் வைத்திருந்த பெரியவர்களை அறிந்திருந்தால், இதழ் அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவர்களிற் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. அடுத்த இதழில், வெங்காயத் தோட்டத்துக்கு வந்த லான்ட்மாஸ்ரரைப் பார்ப்போம்.